நண்டுக் கொடுக்கும் சிவப்பு வெளிச்சமும்

வலது கைப் பெருவிரலில் மூட்டுவாதம் வந்தபோது போத்தல் மூடி, கதவுத் தாழ்ப்பாள், சேலை ஊசி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். நண்டை மட்டும் விட மனம் வரவில்லை. வாவிக்கரையில் பிறந்தவள் நான். கொடுக்கை நானே உடைத்து, சதை சிதையாமல் இழுத்தெடுத்தால்தான் எனக்கு அது நண்டுக்கறி. இப்போது அதையும் என் கணவர் உடைத்து என் சாப்பாட்டுப் பீங்கானில் வைக்க, நான் சின்னப்பிள்ளை போலக் காத்திருந்தேன். அவமானமாக இருந்தது. அந்த எரிச்சலை அவர் மேலேயே காட்டினேன். மெதுவாக உடைக்கிறீர்கள் என்று குறைகூடச் சொன்னேன்.

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லேசர் வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் என்னை டவுனில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினார். மூட்டு வைத்தியத்துக்கு எண்ணெய் இல்லாமல் போகிற வழக்கம் எங்கள் ஊரில் ஏது? தாராளமாகப் பூசிக்கொண்டுதான் போனேன். அங்கே வைத்தியம் செய்த இளம் பிள்ளைக்கு அதைத் துடைத்தெடுக்கவே பெரும்பாடாகிவிட்டது. பிறகு வெல்டிங் கடையில் போடுவது போன்ற கண்ணாடியொன்றை எனக்கு மாட்டி, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, பேனை போன்ற ஒரு கருவியை மூட்டைச் சுற்றி வைத்து வைத்து எடுத்தாள். அதன் நுனியில் சிவப்பு வெளிச்சம். பொசுக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சூடும் இல்லை, வலியும் இல்லை. சுவிட்சைப் போட்டாயா என்று கேட்டேவிட்டேன்.

"போட்டுத்தான் இரிக்கு அன்ரி. இது சுடாது. மூட்டு புதுசாகவும் மாட்டாது, நோவு குறையலாம். எல்லாருக்கும் குறையிறதும் இல்ல," என்றாள்.

வைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. இல்லாததைச் சொல்லி ஏமாற்றாதவள் என்பதற்காகவே தொடர்ந்து போனேன். அவள் சொன்ன விரல் பயிற்சிகளையும் முணுமுணுத்தபடி செய்தேன். என் கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது பாலத்தடியில் நிறுத்தி நண்டு வாங்குவார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலையில் பற்பசை மூடியை நானே திறந்திருந்தேன். திறந்த பிறகுதான் அது உறைத்தது. அவரிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முருங்கையிலை போட்டு நண்டுக்கறி சமைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல அவர் கை கொடுக்குக்கு நீண்டது. நான் முந்திக்கொண்டேன். கடைவாயில் வைத்து ஒரு கடி, பெருவிரலால் ஓர் அழுத்து. ஓடு பிளந்தது. சதை முழுதாக வந்தது. உலகத்தையே வென்றவள் மாதிரி நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அவருடைய பீங்கானில் சின்னக் கால்கள் மட்டும் கிடந்தன. அன்றைக்கு மட்டும் அல்ல, என் விரல் நொந்த நாள் முதல் அப்படித்தான். ஒரு நண்டுக்கு இரண்டு கொடுக்கு. இரண்டும் என் பக்கம் வந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவளுக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

"இவ்வளவு நாளும் சின்னக்காலத்தானே சூப்பினீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ திண்டிருக்க மாட்டாய்," என்றார் அவர்.

கையிலிருந்த சதையை அவர் பீங்கானில் வைத்தேன். அடுத்த கொடுக்கையும் அவருக்காகவே உடைத்தேன். விரல் கொஞ்சம் நொந்தது. நான் சொல்லவில்லை.