கள்ளை மட்டும் நிறுத்தியவர்

மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில் சோற்றுக்கடை நடத்தும் ஜம்புலிங்கத்துக்கு ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் அழைப்பு உண்டு, கரண்டி பிடிக்க. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த கைப்பக்குவம் அது. ஆனால் விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டாளிகளோடு இரண்டு கிளாஸ் ரம் போட்டுவிடுவார். மறுநாள் வலது பக்க மண்டை இடிக்கும். வெளிச்சம் ஆகாது. வெங்காயம் வதங்கும் வாசனைக்கே குமட்டும். ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு சாமான் அறையில் படுத்துவிடுவார். கேட்டால் அடுப்புச் சூடு என்பார்.

மகள் அகிலாவுக்குத் தேதி குறித்தார்கள்.

"என் கல்யாணத்துக்கு நீங்கதான் சமைக்கணும்பா. எதுக்கும் இன்னொரு ஆளையும் சொல்லி வச்சிருங்க."

அந்தக் கடைசிப் பேச்சு அவரைச் சுட்டது. அன்றே வங்காளி டாக்டரிடம் போய்வந்தார். "கள்ளை நிறுத்தச் சொல்லிட்டாரு" என்று மனைவி நாகரத்தினத்திடம் சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை குடிக்கும் கள்ளை அடியோடு விட்டார். ரம் தொடர்ந்தது. தலைவலியும்.

அடுத்த மாதம் நாகரத்தினமே அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"கல் ஸே பீனா பந்த், போலா தா நா?" என்றார் டாக்டர் ஹிந்தியில்.

"பந்த்தான் சாப். கள்ளு ஒரு சொட்டுகூட நஹி. ரம் மட்டும்தான்."

நாகரத்தினம் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூறுகெட்ட மனுசா, கல்லுன்னா நாளைக்கு! நாளையிலேர்ந்து குடியே கூடாதுன்னிருக்காரு! மீன் தீந்துட்டா கடையில எத்தன பேர 'கல் ஆவோ'ன்னு வெரட்டுறீங்க?"

"குடியப் பத்திப் பேசயில கல்லுன்னா வேற என்னன்னு நெனைப்பேன், நாகு?"

டாக்டர் சிரித்து முடித்துவிட்டு நிதானமாக விளக்கினார். நிறையக் குடித்தால் யாருக்கும் தலை வலிக்கும். ஒற்றைத் தலைவலி உள்ள பலருக்குக் கொஞ்சமே போதும். கள், ரம், பீர் எதுவானாலும் சரி.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கூட்டாளி கோவிந்தராஜ் ரம் கிளாஸை நீட்டினான். "பொண்ணு கல்யாணம், மாமா. ஒரே ஒரு மொடக்கு."

ஜம்புலிங்கம் அதைக் கொஞ்ச நேரம் ஆசையாகத்தான் பார்த்தார். "உன் தலை தாங்கும்டா. நீ குடி" என்று மசாலா இடிக்கப் போய்விட்டார்.

விடிந்ததும் முகூர்த்தப் புடவையோடு அகிலா அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். பெரிய அண்டாவில் வெங்காயம் பொன்னிறமாக வதங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் குனிந்து மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டிருந்தார் அப்பா.

"தலை எப்படிப்பா இருக்கு?"

"தள்ளி நில்லு, பட்டுல எண்ணெ தெறிக்கும்" என்றார் அவர்.