வரவு சாரின் மாலை வகுப்புக் கணக்கு

முகத்தில் பாதி நுரையும் பாதி தாடியுமாக இருக்கும்போதே வரவு சார் விசாரணையைத் தொடங்கிவிடுவார். "எதுவரைக்கும் படிச்சீங்க? இப்ப என்ன வருது?" சவரக் கத்தி தன் கழுத்தில் இருக்கிறதே என்ற பயம் கொஞ்சமும் கிடையாது. பயமெல்லாம் முடிதிருத்துபவருக்குத்தான். வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு வருமானத்தைப் பாதியாக்கிச் சொல்வார்.

உண்மையில் இவர் கல்வித் திட்டங்களை மதிப்பிடுபவர். அரசாங்கம் படிப்புக்குச் செலவழித்த பணம் மக்களின் சம்பாத்தியமாகத் திரும்பி வருகிறதா என்று கண்டுபிடிப்பது வேலை. "போட்ட காசு வரணும்ல?" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லி 'வரவு சார்' என்ற பட்டப்பெயரைச் சம்பாதித்தார்.

இந்த முறை அவர் மேசைக்கு வந்தது மின்சாதனப் பழுதுபார்க்கும் இலவச மாலை வகுப்பு. படித்தவர்கள் சம்பாதித்தால் வகுப்பு தொடரும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். இவருடைய போதாத காலம், அதில் முதல் மாணவி இவர் மனைவி. தெருவில் ஒரு மிக்ஸி முனகினால் போதும், அம்மாள் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பார். காசு மட்டும் வாங்க மாட்டார். "தெரிஞ்சவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?" அவருக்குத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யாருமே இல்லை. கூடப் படிப்பவர்களும் அவரைப் பார்த்துத் தாராள மனசுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அறிக்கையின் வருமானக் கட்டத்தில் பூஜ்யம் போட வரவு சாருக்குக் கை வரவில்லை. பொய் எழுதவும் வராது, அந்த வகையில் தங்கமான மனிதர். ஆகவே வீட்டில் மூச்சுவிடாமல், எதிர்வீட்டுக்குப் போய், தயவுசெய்து மிக்ஸியைச் சரிசெய்ததற்கு என் மனைவிக்குக் கூலி கொடுங்கள் என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவங்களே கேக்கல, நீங்க என்ன வசூலுக்கு வரீங்க?" என்று கதவைச் சாத்தினார். விஷயம் மனைவி காதுக்குப் போனது. மானத்தை வாங்கிவிட்டாரே என்று அவர் கணவரோடு பேசுவதையே நிறுத்தினார்.

அறிக்கை கொடுக்கவேண்டிய நாளன்று காலையில் வீட்டு மின்விசிறி நின்றது. மனைவி ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வரவு சார், படித்தவர்கள் யாரும் சம்பாதிக்காததால் வகுப்பை மூடப்போகிறார்கள் என்று அப்போதுதான் சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது.

மேலே ஸ்க்ரூடிரைவர் அசையாமல் நின்றது. "மோட்டார் பாடம் இன்னும் பாதிதானே முடிஞ்சிருக்கு? இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

விசிறி சுழன்றதும் இறங்கி வந்தார். கணவரின் சட்டைப்பையில் கைவிட்டு விசிறிக்கான கூலியை எடுத்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினார். கதவு திறந்ததும் கையை நீட்டினார்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வரவு சார் மெதுவாகப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.