ஆரத்தி எடுத்து எங்களை வரவேற்ற லயம்

கொழும்பில் ஒரு பெரிய முதலீட்டு வங்கியில் நான் பயிற்சியாளராக இருந்தேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஹோட்டல்காரர்களுக்கு விற்றுக்கொடுக்கும் வேலை வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை இடிப்பதென்று முன்பே முடிவாகிவிட்டது. இடத்தைப் பார்க்கப் போனபோது, நானும் தோட்டத்துப் பெண் என்பதால், தமிழ் தெரியாத எங்கள் வங்கி மேலாளர் என்னைக் கூட்டிப்போனார்.

வீடு திருத்திக் கொடுக்க வருகிறோம் என்று யாரோ பொய் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, லயத்து ஆட்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் எங்களுக்குச் சுற்றிவிட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"நம்ம புள்ளையே வந்திருச்சு. இனி கூரை ஒழுகாதுடி!"

மேலாளர் ஆங்கிலத்தில், "சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்" என்றார். நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"இல்லக்கா. லயத்த இடிக்கத்தான் வந்திருக்கோம். காலி பண்றோம்னு எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

அக்கா மேலாளரை முறைத்தார். "வீட்ட புடுங்க வந்தவனுக்கா, தொர, நான் ஆரத்தி சுத்துனேன்? வெக்கமா இல்ல?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் மேலாளர். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் பொய் சொல்ல வங்கிக்கு எங்களில் ஒரு வாய் தேவைப்பட்டிருக்கிறது. இதற்காகவா படித்தேன்? அந்த லயத்தில் இன்றுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.