தலையணை பூஜ்யம்

தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். ஓய்வுபெற்று வந்து மீசை முழுக்க நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவர் மனைவி டெலிபோனம்மா. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் இருப்பவர்களை ஊரைவிட்டுப் போனவர்களோடு பேசவைத்தவள். தன் வீட்டு மனுஷனைத்தான் அவளால் பேசவைக்க முடியவில்லை.

எல்லைப்புற முகாமிலிருந்து எப்போதாவது அவருடைய ட்ரங்க் கால் வரும். பக்கத்து சீட்டுக்காரி, "உன் ஆளுடி" என்று கண்ணைச் சிமிட்டி இணைப்பைக் கொடுப்பாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. நீங்க?"

"இருக்கேன். வச்சிடட்டுமா?"

மூன்று நிமிஷ அழைப்பை முக்கால் நிமிஷத்தில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு கம்பி இரைகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அவள் அதையும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த லைனுக்குப் போவாள்.

ஓய்வுபெற்று வந்தால் பேசுவார் என்று நினைத்திருந்தாள். வந்தார். ஒழுகுகிற குழாய்களையெல்லாம் சரிசெய்தார், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார், பிள்ளைகளின் செருப்புகளை வாசலில் அணிவகுத்து நிற்கவைத்தார். பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் ராத்திரியில் பக்கத்தில் படுத்திருந்தார். விளக்கணைத்த பிறகு ஒரு தடவை நீளமாக மூச்சுவிட்டு, "ம்" என்பார். அன்றைய கணக்கு முடிந்தது என்று அர்த்தம். அந்த "ம்" வந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். இவ்வளவுதான் இந்த மனுஷன் என்று அவள் அதோடு சமாதானமாகிப் போயிருந்தாள்.

இப்போது அதுவும் இல்லை. மழை தொடங்கியதிலிருந்து அவர் கூடத்துச் சாய்வு நாற்காலிக்குக் குடிபோய்விட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்கு."

"வெளிய மழை கொட்டுது. உள்ள என்ன புழுக்கம்?"

"எனக்குப் புழுக்கம்."

அதற்கு மேல் கேட்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். குறட்டை விடுகிறோமோ என்று அவள் யோசித்தாள். மூட்டுவலித் தைலம் நாறுகிறதோ என்று அதை நிறுத்திப் பார்த்தாள். வலி கூடியதுதான் மிச்சம். வெட்கத்தை விட்டு மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "இந்த வயசுல உங்களுக்கு என்னம்மா ஊடல்?"

ஊடலாக இருந்தால் தேவலையே என்றிருந்தது இவளுக்கு.

போன வருஷம் அவர் இதயம் பலவீனமாகி, உடம்பெல்லாம் நீர் கோத்து, முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். திரும்பும்போது ஆஸ்பத்திரியே ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பியது. எடை பார்க்கும் மெஷின், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, விரலில் மாட்டுகிற கிளிப், மேஜைமேல் நிற்கிற ஒரு டேப்லெட். தினமும் காலையில் அது கேள்வி கேட்கும். இவர் பதில் சொன்னால் எல்லாம் நர்ஸிடம் போய்ச் சேரும். ஏதாவது சரியில்லை என்றால் நர்ஸே திரையில் வருவாள்.

காலைப் பரேடு என்றுதான் டெலிபோனம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். முகம் மழித்து, சட்டை மாற்றி, எடை மெஷின்மேல் விறைப்பாக நிற்பார். டேப்லெட்டில் ஒரு பெண்குரல் கேட்கும். இவர் மேலதிகாரியிடம் சொல்வதுபோலச் சொல்வார்.

"படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?"

"இல்லை." அந்த வீட்டில் ஏறுவதற்குப் படிக்கட்டே கிடையாது.

"நேற்றிரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்?"

"பூஜ்யம்."

அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். எக்ஸ்சேஞ்சில் முதல் பாடமே அதுதான்: இணைப்பைக் கொடுத்ததும் லைனைவிட்டு விலகிவிட வேண்டும், அடுத்தவர் பேச்சில் காதை வைக்கக் கூடாது. வேலையில் இருந்தவரை அவள் அதை மீறியதில்லை. காதலர்கள் சண்டைபோட்டபோதும், சாவுச் செய்தி போனபோதும் விலகித்தான் இருந்தாள். ஆனால் அவர் நாற்காலிக்குப் போனதிலிருந்து, காலையில் அந்தக் குரல் கேட்டதும் அவள் கை தானாகக் குழாயை மூடியது. தன்னிடம் சொல்லாத எதையாவது அந்தப் பலகையிடம் சொல்கிறாரா பார்ப்போம் என்ற நப்பாசைதான். இல்லை, பூஜ்யம், இல்லை. அதனிடமும் அதே முக்கால் நிமிஷம்தான்.

அன்றைக்கு நர்ஸ் திரையில் வந்தாள். இளம்பெண், கலகலப்பானவள்.

"ஐயா, கொஞ்ச நாளா எடை ஏறிக்கிட்டே வருதே?"

"வருது, சிஸ்டர்."

"மத்ததெல்லாம் பிரமாதம். படியேறினா மூச்சு வாங்கல. தலையணையே இல்லாம மட்டமா படுக்குறீங்க. எனக்கே ரெண்டு வேணும்! வீட்டுல அம்மா நல்லா ஆக்கிப் போடுறாங்க போல."

"போடுறா, சிஸ்டர்."

"இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, இதயம் சோர்ந்துபோனா படுத்ததும் நெஞ்சுல நீர் ஏறி மூச்சு முட்டும். பலபேரு ரெண்டு, மூணுன்னு தலையணைய அடுக்குவாங்க. அதுவும் பத்தலன்னா உக்காந்துக்கிட்டேதான் தூங்குவாங்க. உங்களுக்கு அதெல்லாம் இல்ல. சந்தோஷம்."

"சரி, சிஸ்டர்."

சமையலறையில் டெலிபோனம்மாவின் கையில் சோப்பு நுரை அப்படியே நின்றது. உட்கார்ந்துகொண்டே தூங்குவார்கள். மழையில் புழுக்கம். முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள். இந்த மனுஷன் தன்னை வேண்டாமென்று எழுந்து போகவில்லை. மறுகணமே, அப்படியானால் நெஞ்சில் நீர் ஏறியிருக்கிறது என்று புரிந்தது.

"அப்ப வச்சிடட்டுமா, ஐயா?" என்று நர்ஸ் கேட்டபோது, டெலிபோனம்மா ஈரக் கையோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"லைன்ல இருங்கம்மா. வச்சிடாதீங்க. இவரு கட்டில்ல படுக்கவே இல்ல. மழை ஆரம்பிச்சதிலேருந்து நாற்காலியிலதான் தூங்குறாரு."

நர்ஸின் சிரிப்பு போய்விட்டது. "ஐயா?"

அவர் எடை மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தலையணை எத்தனைன்னு கேட்டாங்க. நாற்காலியில தலையணை இல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"கேட்டதுக்கு மட்டும்!" என்றாள் அவள். "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும், 'தண்ணி இருக்கா'ன்னு கேட்டா 'இருக்கு'ன்னுட்டு உக்காந்திருப்பீங்க."

நர்ஸ் அவளிடம், நீர் கோத்திருக்கிறதா என்று அவர் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். டெலிபோனம்மா தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தாள். அவரைத் தொட்டே எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது. கட்டைவிரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குழி அப்படியே நிக்குதும்மா."

"ஏன் ஐயா சொல்லல?" நர்ஸின் குரல் தணிந்திருந்தது.

அன்று அவர் தன் வழக்கமான முக்கால் நிமிஷத்தைத் தாண்டிப் பேசினார்.

"சொன்னா திரும்ப வார்டுக்கு வரச் சொல்லுவீங்க. பாதி ஆயுசு வெளியிலயே படுத்தாச்சு, சிஸ்டர். இனிமே ஒரு ராத்திரிகூட வெளிய படுக்க வேணாம்னு இருக்கு. கூடத்துல இருந்தாலும் வீட்டுக்குள்ளதானே இருக்கேன்." பிறகு, பக்கத்தில் தரையில் இருந்தவளைப் பார்க்காமலே, "உள்ள படுத்தா இருமல் வருது. இவ தூக்கம் கெடும்" என்றார்.

"நான் தூங்கினதை நீங்க பாத்தீங்களா?" என்றாள் டெலிபோனம்மா. நர்ஸ் இருக்கிறாளே என்றெல்லாம் பார்க்கவில்லை.

நர்ஸ் டாக்டரைக் கேட்டு, நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டினாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். எடை இறங்காவிட்டால் வார்டைத் தவிர வேறு வழியில்லை என்றும், மூச்சு இன்னும் கூடினால் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். "இனிமே கேள்விக்கு ரெண்டு பேரும் உக்காந்து பதில் சொல்லுங்க. ஐயா சொல்றதை மட்டும் நான் நம்பப் போறதில்ல."

அடுத்த நாட்களில் அந்த வீட்டின் பேச்சே கழிவறையைப் பற்றித்தான். அவர் போவார், வருவார், உட்காருவதற்குள் மறுபடி போவார். "பரேடு இப்பத்தான் ஒழுங்கா நடக்குது" என்று அவள் சீண்டினாள். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டேதான் சீண்டினாள். எடை பார்க்கும் நேரத்தில் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பாள். முதல்நாள் முள்ளளவுதான் இறங்கியது. பிறகு மளமளவென்று இறங்கியது. கணுக்கால் எலும்பு திரும்பத் தெரிந்தது. வார்டு வேண்டாம், இனிமேல் கட்டிலிலேயே சாய்ந்து படுத்துப் பார்க்கலாம் என்றாள் நர்ஸ்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் வழக்கம்போல நாற்காலியைப் பார்த்தார். அவள் உள்ளே போய், வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் கட்டிலின் தலைமாட்டில் அடுக்கிவிட்டு, அதில் கதவுப் பக்கமாகத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வாங்க என்று கூப்பிட வாய்வரை வந்தது. இத்தனை வருஷமும் கூப்பிட்டுத்தானே ஆயிற்று, இந்த ஒருதடவை அவராக வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தாள். உட்கார்ந்தவர் உடனே எழுந்திருந்தார்.

அறை வாசலில் வந்து நின்றார். "மாத்திரை இருக்கு. அடிக்கடி எழுந்திரிக்கணும். நான் கதவுப் பக்கம் படுக்கட்டுமா?"

கதவுப் பக்கம் எப்போதும் அவளுடையது. அவர் முகாமில் இருந்த காலத்தில், பிள்ளைகள் அழுதால் ஓட, யாராவது கதவைத் தட்டினால் எழுந்திருக்க, அவள்தான் அங்கே படுப்பாள். சுவர்ப் பக்கத்தை அவருக்கென்று காலியாக வைத்திருப்பாள். துவைத்த துணிகூட அங்கே போட்டதில்லை.

நகர்ந்து கொடுத்தாள். அவர் தலையணைகளில் சாய்ந்து, காலை நீட்டி, மூச்சு சீராகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் சுவரோரம் போய்ப் படுத்தாள். மெத்தை அங்கே அவர் அளவுக்கு அமுங்கியிருந்தது. சுவரின் குளிர் தோளில் பட்டது. எத்தனையோ ராத்திரி கையை நீட்டித் தடவிப் பார்த்த இடம். அதில் தானே படுத்திருப்பது விநோதமாக இருந்தது. தும்மல் வருவதுபோல மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"இடம் பத்துதா?" என்று கேட்டார்.

அவராகக் கேட்டார். ஒருவரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

"பத்துது."

"சுவரு ஜில்லுனு இருக்குமே. முகாம்லயும் எனக்குச் சுவர்ப் பக்கம்தான். குளிர்காலத்துல முதுகு மரத்துப் போயிடும். அப்பல்லாம்…" நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று சுவரைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க."