மின்மினி அக்கா

"இன்னிக்கு எனக்குப் பேர் வெச்சுட்டாங்கடி," என்று செருப்பைக் கழற்றும்போதே அக்கா சிரித்தாள்.

"என்ன பேரு?" தங்கை கேட்டாள்.

"மின்மினி. கதிர்வீச்சு விபத்துன்னா நர்ஸுங்க என்ன செய்யணும்னு பயிற்சி. பொம்மை நோயாளி மேல ஒரு பொடி தூவியிருந்தாங்க. அதுதான் கதிர்வீச்சுத் தூசியாம். சும்மா பார்த்தா தெரியாது, ஊதா விளக்குல மினுங்கும். கடைசியில விளக்கைப் போட்டா, என் மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே ஜொலிப்பு!"

"எப்படிக்கா?"

"மூக்குக்கண்ணாடி நழுவுச்சு. தூசி பட்ட கையுறையோட மேல தள்ளிவிட்டுட்டேன்."

"சிரிக்கிற விஷயமா இது? வீட்டுல உன் குழந்தை இருக்கு. இந்த வேலைக்கு முடியாதுன்னு சொல்லிடு."

"குழந்தை இருக்கிறவங்க எல்லாம் ஒதுங்கிட்டா, அவசரப் பிரிவுல கட்டில்தான் நிக்கும்."

மறுநாளே அக்கா கண்ணாடிக்குக் கயிறு கட்டினாள். நோயாளியின் தூசி படிந்த சட்டையைத் தலைவழியே உருவினால் முகமெல்லாம் படும். முன்பக்கம் வெட்டி, வெளிப்புறம் உள்ளே போகும்படி சுருட்டி எடுக்க வேண்டும். அத்தானை நாற்காலியில் உட்கார வைத்து அதைப் பழகினாள். "பழைய சட்டையா பார்த்து வெட்டும்மா, தாயே!" என்று அவர் கும்பிடு போட்டார்.

சில மாதங்கள் கழித்து, தொழிற்சாலைக்குக் கதிர்வீச்சுப் பொருள் ஏற்றிச் சென்ற லாரி கவிழ்ந்தது. அக்காவின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஓட்டுநரின் தொடையில் ரத்தம் பீறிட்டது. கதிர்வீச்சை அளக்கும் கருவி வரட்டும் என்று சிலர் தயங்கினார்கள். உயிர் முதலில், தூசி பிறகு என்பதுதான் அக்கா படித்த பாடம். கவச உடையோடு போய்க் கட்டுப் போட்டாள். அதன்பிறகே சட்டையை வெட்டினாள். ஓட்டுநர் பிழைத்தார். அக்காவையும் குளிக்க வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை கருவியால் சோதித்தார்கள். துளித் தூசி இல்லை.

அதைத் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஈரத்தலையோடு வாசலில் நின்றவளைப் பார்த்து "அம்மா!" என்று குழந்தை ஓடியது. தங்கையின் கை தானாக நீண்டு குழந்தையைப் பின்னால் இழுத்தது. உடனே விட்டுவிட்டாள்தான். ஆனால் அதற்குள் மிரண்டுபோன குழந்தை தங்கையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அக்கா கழுவிய கையை மறுபடியும் கழுவப் போனாள்.

அடுத்த நாள் துணி காயப்போடும்போது தங்கை வாய் திறப்பதற்குள் அக்காவே பேசினாள்.

"நீ பயந்தது தப்பில்லடி. ஒண்ணு மட்டும் செய். அடுத்த தடவை நான் சுத்தமாயிட்டேன்னு சொல்லிட்டு வந்தா, முதல்ல நீ வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கோ. குழந்தை உன்னைப் பார்த்துத்தான் பயப்படுது."