முடிச்சில் ஊற்றிய எண்ணெய்

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் தேங்காய் எண்ணெய் மணக்கிறதென்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். மற்றவர்கள் மரவள்ளியை வெறுமனே அவித்துத் தின்ற காலம் அது. அம்மா தன் கல்யாணச் சேலையைப் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடம் கொடுத்துத் தேங்காய் வாங்கி வந்து காய்ச்சினாள். என் தலையில் வைக்கக்கூட ஒரு சொட்டு தரமாட்டாள். எல்லாம் அம்மனுக்கு.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் நல்லபடியாகத் திரும்ப அம்மன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் எண்ணெயை வேண்டியவர் கையால்தான் ஊற்ற வேண்டும். ஆனால் லயத்துக் கோயிலில், முகப்புத் தூண்களுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. எங்கள் சாதிக்காரர்கள் அதற்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும்.

கோயில் தலைவர், ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த கிராணி. முதல் வெள்ளிக்கிழமை கயிற்றுக்கு உள்ளேயிருந்து கையை நீட்டினார்.

"இப்படிக் குடும்மா. நாங்க ஊத்திடுறோம்."

"எண்ணெய் மட்டும் கயிறு தாண்டலாமாங்கய்யா?" என்றாள் அம்மா, சந்தேகம் கேட்பது போல. "என் கையால ஊத்துறேன்னு வேண்டியிருக்கேன். நிக்கிறேன்."

நின்றாள். நடை சாத்தியதும் எண்ணெயை வீட்டுக்கே கொண்டு வந்தாள். காறிப் போகாமல் இருக்க வாரம் ஒரு முறை சூடு காட்டுவாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போய் நிற்பாள். மாதங்கள் இப்படியே போயின.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒரே வெட்டுலா அக்கா. அப்புறம் எவன் தடுக்கிறான்னு பாக்கலாம்."

"நீ வெட்டினா நாளைக்குப் புதுசு கட்டுவாங்க தம்பி. கட்டின கையே அவுக்கட்டும்."

"அதுக்குள்ள நீ கிழவி ஆயிடுவ."

"ஆனா என்ன? கிழவி ஊத்தினா விளக்கு எரியாதா?"

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. எங்கள் பக்கம் கூரை கிடையாது. அம்மா எண்ணெய்ச் செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு நனைந்தபடி நின்றாள். அப்போது கிராணியின் மனைவி குனிந்து, கயிற்றுக்குக் கீழே நுழைந்து, எங்களோடு மழையில் வந்து நின்றார். அவருடைய மகனையும் அப்பாவை ஏற்றிய அதே வண்டியில்தான் கொண்டு போயிருந்தார்கள்.

"இவ வராத இடத்துல எனக்கு என்ன வேண்டுதல்?" என்றார் கணவரைப் பார்த்து.

இன்னொரு பெண் குனிந்து வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மனே உள்ளேயிருந்து இறங்கி வந்து எங்களோடு நனைகிறாள் என்று நினைத்தேன்.

கிராணி மழையில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு தூணருகே வந்து முடிச்சில் கை வைத்தார். மழையில் ஊறி இறுகிய முடிச்சு அசையவில்லை. நகம் வலித்ததோ என்னவோ, கையை உதறினார். மாமா இடுப்பிலிருந்த பாராங்கைத் தொட்டார். அம்மா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, செம்பைச் சாய்த்து அந்த முடிச்சின் மேல் எண்ணெயை ஊற்றினாள்.

"இப்ப இழுங்கய்யா."

நான் ஓவென்று அழுதேன். அப்பாவுக்கான எண்ணெய் கயிற்றில் வழிந்துகொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்தது. அம்மா உள்ளே போய் மிச்சத்தை விளக்கில் ஊற்ற, கிராணியின் மனைவி பக்கத்தில் நின்று திரியைத் தூண்டிவிட்டார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நான் மட்டும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்தும் அப்பா வரவில்லை. கிராணியின் மகனும் வரவில்லை. அன்றைக்குச் சிந்திய எண்ணெய்தான் காரணம் என்று பல காலம் மனதுக்குள் வைத்திருந்தேன். அம்மா அழுதாள், ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விடவில்லை. வாசலைத் தாண்டும்போது, கயிறு கட்டியிருந்த தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சாமி உள்ளே இருக்க, இவள் ஏன் தூணைக் கும்பிடுகிறாள் என்று நான் முந்தானையைப் பிடித்து இழுப்பேன்.