நெட்ரா கால்வின் கைக்குப் பொருந்திய பிஸ்டல்

ராய்ஸ் தன் மாமியாரை முதல்முறை அடித்தது ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, தெருவில் எல்லோரும் புல் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

மாமியார் பெயர் நெட்ரா கால்வின். எனக்கு எதிர்வீடு. ஆர்கன்சாவில் எங்கள் ஊருக்கே சோறு போடும் கோழி ஆலையில், என் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகக் கோழி நெஞ்சை அறுத்தவள். புருஷன் செத்துப்போய் தனியாக இருந்தாள். மகள் ஷெல்பி, ராய்ஸிடம் அடி தாங்காமல், அன்று காலைதான் துணிமணிகளைக் குப்பைப் பையில் அள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னாலேயே அவனும் வந்துவிட்டான். டிரக்கைத் தெருவில் நிறுத்தவில்லை. நேராக வாசல் மரப்படியின் மேல் ஏற்றி அதை நொறுக்கினான்.

நெட்ரா வெளியே வந்தாள். "அவ வரமாட்டா, ராய்ஸ். வண்டிய எடு."

"எம் பொண்டாட்டி வர்றாளா இல்லையான்னு நீ சொல்லுவியா?"

"ஆமா, நான்தான் சொல்றேன்."

முஷ்டியால் வாயிலேயே குத்தினான். விழுந்தவளைப் பூட்ஸ் காலால் உதைத்தான். எலும்பு உடையும் சத்தம் புல்வெட்டும் இயந்திரச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது என்று இன்றும் நினைக்கிறேன். நான் மண்வெட்டியோடு ஓடினேன். என் புருஷன் டெல்பர்ட் எனக்கு முன்னால் ஓடினான். எங்களைப் பார்த்ததும் ராய்ஸ் வண்டியில் ஏறிக்கொண்டான். போகும்போது கண்ணாடியை இறக்கி, "திரும்ப வருவேன், கெழவி. அப்ப உன் பல்லு மிச்சம் இருக்காது" என்றான்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்த ஆள் நல்ல பையன்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். ராய்ஸைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். "அடுத்த தடவ வந்தான்னா உடனே கூப்பிடுங்க மேடம்" என்றான் அந்தப் பையன்.

"கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருவ?" என்று கேட்டாள் நெட்ரா. மூன்று விலா எலும்பு உடைந்திருந்ததால் மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

அவன் தொப்பியைக் கையில் சுற்றினான். "இது பெரிய மாவட்டம், மேடம். ராத்திரிக்கு ரெண்டே வண்டிதான் ஓடுது."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் டெல்பர்ட்டிடம் வந்தாள். டெல்பர்ட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்த் துப்பாக்கி கிளப்பில் சனிக்கிழமைப் போட்டியை நடத்துபவன் அவன்தான். நெட்ரா வீட்டில் புருஷன் விட்டுப்போன நீளத் துப்பாக்கி ஒன்று இருந்தது. உடைந்த விலாவை வைத்துக்கொண்டு சுடும்போது அது தோளில் உதைப்பதைத் தாங்க முடியாது. அவள் வீட்டு நடைவழியும் குறுகல், அதில் நீளக் குழலைத் திருப்புவதற்குள் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வான். "கைத்துப்பாக்கிதான் சரி. ஆனா நீயா சுட்டுப் பாத்து வாங்கு, கடைக்காரன் சொன்னான்னு வாங்காத" என்றான் டெல்பர்ட். மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்கார இளைஞன் நெட்ராவைப் பார்த்ததும் இளஞ்சிவப்புப் பிடி போட்ட குட்டி ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தான். "லேடீஸ் எல்லாம் இதத்தான் எடுப்பாங்க. கைப்பையில இருக்குறதே தெரியாது."

"கைப்பைக்கு நகையா வாங்க வந்திருக்கேன்?" என்றாள். இருந்தாலும் கடைக்குப் பின்னால் இருந்த சுடும் அறையில் அதை ஒரு தரம் சுட்டாள். சுட்டதும் மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர். கோழி அறுத்தே அவள் மணிக்கட்டு நரம்புகள் இரண்டும் கெட்டிருந்தன. இரண்டு முறை ஆபரேஷன் ஆகியும் காபிக் குவளையைக்கூட இரு கையாலும்தான் பிடிப்பாள்.

"எடை இல்லாத துப்பாக்கி கையத்தான் உதைக்கும். கனமா இருந்தா உதைய அதுவே வாங்கிக்கும்" என்றான் டெல்பர்ட்.

அடுத்து ஒரு நடுத்தர பிஸ்டல். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். நெட்ரா விரல் நுனியால் இழுத்தாள். அசையவில்லை. கடைக்காரன் சிரிப்பை அடக்கினான்.

"நீ என்னடா சிரிக்கிற? ஒரு நாள் எங்க கோழி ஆலை லைன்ல வந்து நில்லு, சாயங்காலம் உன் ஜிப்ப நீயே போட முடியுதான்னு பாக்கலாம்" என்றேன் நான்.

டெல்பர்ட் குறுக்கே வந்தான். "இழுக்காத நெட்ரா. மேல இருக்குற கைய முழுசா மூடி அப்படியே வச்சுக்கோ. அடியில பிடிச்சிருக்குற கைய முன்னால தள்ளு."

தள்ளினாள். பாதி வந்து நின்றது. கடைசியில் அவளுக்குப் பொருந்தியது, யாரும் கைப்பையில் வைக்க நினைக்காத ஒரு முழு அளவு இரும்பு பிஸ்டல். பிஸ்டலுக்கு நீளமான குழல், நல்ல கனம், உள்ளே இருக்கும் சுருள்வில் கொஞ்சம் இளக்கம் என்பதால் மேல்பாகம் முழுசாக நகர்ந்தது. அடையாள அட்டையைக் காட்டி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, வாங்கிக்கொண்டு வந்தாள்.

விலா ஆறியதும் சனிக்கிழமைகளில் கிளப்புக்கு வர ஆரம்பித்தாள். எங்கள் போட்டியில் சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். மணி அடித்ததும் சுட்டு எல்லாவற்றையும் வீழ்த்த வேண்டும். நேரம்தான் மதிப்பெண். நெட்ரா முதல் மாதத்தில் ஒரு தகட்டைக்கூடத் தவறவிடவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே தேவாலயத்தில் ஜெபம் செய்வது போல நின்றாள்.

"ஏய் நெட்ரா, இந்த கடிகாரம் பத்தாது, காலண்டர் கொண்டாரட்டுமா?" என்று பின்னாலிருந்து கத்துவார்கள்.

"கொண்டா, உன் வீட்டுக்காரி எந்த வருஷம் உன்ன விட்டு ஓடுனான்னு அதுலயே பாத்துச் சொல்றேன்" என்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஜூலைக்குள் அவளை வேகத்தில் ஜெயிப்பது கஷ்டமாகிவிட்டது. தகடு ஒவ்வொன்றும் மணி போல ஒலித்து மல்லாக்க விழும். அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். "இதுல ஒண்ணு கூட திருப்பி அடிக்காது, ஓப்பல், அதான் பிடிச்சிருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

டெல்பர்ட் அவளை அந்தச் சந்தோஷத்தோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பவில்லை. "வீட்டுச் சுவரு வெறும் சுண்ணாம்பு அட்டை. தோட்டா ஆளத் தாண்டும், சுவரத் தாண்டும். சுடுறதுக்கு முன்னால அவன் பின்னால யாரு இருக்கான்னு பாரு" என்றான். பிஸ்டலை எண் பூட்டு போட்ட பெட்டியில் வைத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் திருகி மாட்டியும் கொடுத்தான். பெட்டிக்குள் பிஸ்டலில் தோட்டா அடுக்கிய உறை மாட்டியபடி இருக்கும், ஆனால் குழலுக்குள் தோட்டா ஏற்றியிருக்காது. ஷெல்பிக்கு அது பயம் என்பதால் நெட்ரா அப்படி வைத்தாள்.

ராய்ஸ் ஷெல்பியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட உத்தரவை ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கையில் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்தான்.

உள்ளே நடந்ததை நெட்ரா பிறகு எனக்குச் சொன்னாள். தேவாலயத்திலிருந்து வந்து பன்றிக்கறித் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆலையில் வேலை பார்க்கும் நாங்கள் யாரும் வீட்டில் கோழி சமைப்பதில்லை. ஷெல்பி மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு ஒரே உதையில் நிலையோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. ராய்ஸ் கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி.

"கோர்ட்டுக்கா போற? எம் மேல பேப்பரா குடுக்குற?" என்று ஷெல்பியை நோக்கி வீசினான். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாக மடிந்தது. இரண்டாவது வீச்சு தோளில். நெட்ரா அடுப்பிலிருந்த வாணலியைத் தூக்கி, கொதிக்கும் எண்ணெயை அப்படியே அவன் கழுத்திலும் முதுகிலும் கொட்டினாள். அவன் மிருகம் போல அலறினான். அவள் படுக்கையறைக்கு ஓடினாள்.

பெட்டி திறந்தது. பிஸ்டலும் கைக்கு வந்தது. ஆனால் கையெல்லாம் எண்ணெய். மேல்பாகத்தைப் பிடித்தாள், வழுக்கியது. மறுபடி பிடித்தாள், வழுக்கியது. சமையலறையில் ஷெல்பி, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள். நெட்ரா தன் ஏப்ரனைச் சுருட்டி அதன் மேல் சுற்றி, துணியோடு இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்த கையை முன்னால் தள்ளினாள். தோட்டா ஏறியது.

நடைவழிக்கு வந்தபோது ராய்ஸ் ஷெல்பியின் முடியைப் பிடித்துக் கதவை நோக்கித் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துத் தோல் கொப்பளித்துத் தொங்கியது.

"அவள விடு, ராய்ஸ்."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நீ தகடு சுடுற கெழவி. ஊரே சொல்லுது. ஆளச் சுடுவியா?"

"விட்டுட்டுப் போயிரு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

அவன் முடியை விட்டான். ஷெல்பி தரையில் சரிந்தாள். கம்பியை ஓங்கிக்கொண்டு அவன் நெட்ராவை நோக்கி ஓடி வந்தான். அவள் அவன் பின்னால் பார்த்தாள்: ஷெல்பி தரையோடு தரையாக இருந்தாள், அவனுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான். சுட்டாள். மறுபடி சுட்டாள். இரண்டும் நெஞ்சுக்கு.

அவன் விழவில்லை. சட்டையில் சின்னதாக இரண்டு ஓட்டை தெரிந்தது, அவ்வளவுதான். நிற்கக்கூட இல்லை. மூன்றாவது தோட்டா அவன் புஜத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. கம்பி அவள் தோள்பட்டையில் இறங்கி எலும்பை முறித்தது. சுவரில் மோதி உட்கார்ந்தாள். அவன் மேலே விழுந்து இடது கையால் அவள் தொண்டையைப் பிடித்தான். அவள் பிஸ்டலை அவன் வயிற்றில் அழுத்தி ஒரு முறை சுட்டாள். அடுத்ததற்கு விசையை அழுத்தினாள், அது சிக்கிக்கொண்டது. தொண்டையிலிருந்த விரல்கள் அப்போதும் இறுகிக்கொண்டேதான் இருந்தன. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தன. அவன் உடம்பு முழுவதும் அவள் மேல் கிடந்தது. அவன் வாயிலிருந்து வந்த ரத்தம் அவள் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. உடைந்த தோளோடு அவளால் அவனைப் புரட்ட முடியவில்லை. அவன் மூச்சு குமிழி விடுவது போலச் சத்தமிட்டு அடங்கும் வரை அடியிலேயே கிடந்தாள்.

வெடிச் சத்தம் கேட்டு நான் ஓடியபோது நெட்ராவை முதலில் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஷெல்பி ஒற்றைக் கையால் ராய்ஸைப் புரட்டித் தள்ளிவிட்டு, சமையல் துண்டை அவன் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தெற, ராய்ஸ். என்னைப் பாரு, கண்ணு. இங்க பாரு."

நெட்ரா சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்து, யார் யாரைச் சுட்டார்கள் என்று தெரியும் வரைக்கும், ரத்தத்தில் குளித்திருந்த நெட்ராவுக்குத்தான் விலங்கு மாட்டினார்கள். தோள்பட்டை உடைந்த கையை முன்னால் வைத்துப் பூட்டினார்கள். ராய்ஸின் கையைப் பிய்த்த தோட்டாவை அன்று சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். அது சமையலறைச் சுவரைத் துளைத்து, தெருவைத் தாண்டி, எங்கள் வாசல் தூணில் பதிந்திருந்தது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

அரசு வக்கீல் வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய சில வாரம் ஆனது. ஊர் அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ராய்ஸின் தம்பி ஒரு காலையில் நெட்ராவின் தபால் பெட்டியை வேட்டைத் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கினான். அடுத்த வாரம் அவள் வளர்த்த நாயைச் சுட்டுக் கொன்று நொறுங்கிய படிகளின் மேல் போட்டுவிட்டுப் போனான். அதற்காக அவன் ஜெயிலுக்குப் போனான்.

கையில் மாவுக்கட்டோடு ஷெல்பி பக்கத்து மாநிலத்தில், துல்சாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனாள். போகிற அன்று என் எதிரிலேயே கேட்டாள்: "கால்ல சுட்டிருக்கலாம்ல அம்மா?"

"அவன் ஓடிவந்துகிட்டிருந்தான், ஷெல்பி."

"நீ தகட்ட ஒண்ணுகூட விடமாட்டியே. ஊரே சொல்லுதே."

"தகடு ஓடாது" என்றாள் நெட்ரா. ஷெல்பி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கு இல்லை என்றானதும் பிஸ்டலைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து என் சமையல் மேசையில்தான் அதைத் துடைத்தாள். காய்ந்த ரத்தம் இடுக்குகளில் கருப்பாக அடைந்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். டெல்பர்ட் மெதுவாகச் சொன்னான்: "இத வித்துருவோம், நெட்ரா. வேற ஒண்ணு பாப்போம்."

"எதுக்கு? என் கைக்கு இதுதானே சரியா இருக்கு" என்றாள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெட்டிக்குள் வைத்தாள். இந்த முறை குழலுக்குள்ளும் தோட்டா ஏற்றி வைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் கிளப்புக்கு வந்தாள். முதல் நாள் மணி அடித்ததும் முதல் தகட்டைச் சுட்டாள். அது விழுந்தது. அவள் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மீதித் தகடுகளையும் சுட்டாள். இப்போது வாராவாரம் வருகிறாள். ஆள் உருவம் வரைந்த காகித அட்டை வைக்கிற நாளில் மட்டும் வரமாட்டாள்.

ஷெல்பி ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அந்தப் பெட்டி இருக்கும் வீட்டில் தூங்க முடியாது என்றாள். பெட்டி இல்லாமல் தன்னால் தூங்க முடியாது என்றாள் நெட்ரா. இருவரும் கத்தினார்கள், அழுதார்கள். கடைசியில் ஷெல்பி ஊருக்குள் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாள். உடைந்து சேர்ந்த கை முழுதாக நீளாது, அதனால் அம்மாவே அவளுக்குக் கறியை நறுக்கிக் கொடுப்பாள். ராய்ஸ் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவன் கல்லறைக்கு ஷெல்பி மாதம் ஒருமுறை பூ வைக்கப் போவது நெட்ராவுக்குத் தெரியும். போன மாதம் ஷெல்பியின் கார் ஓடாமல் போனபோது, அவளை அங்கே கூட்டிப்போனது நெட்ராதான். வண்டியை விட்டு இறங்காமல், என்ஜினை அணைக்காமல், மகள் திரும்பி வரும் வரை கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே காத்திருந்தாள்.